மலைமேல் ஒன்பது பவுண்டு

ஒரு காரின் எஞ்சினை நான் கெடுத்தேன். கெடுத்தது நான்தான் என்று தெரிந்த பிறகும், வேலை பார்த்த மெக்கானிக்தான் காரணம் என்று எழுதி, கீழே என் பட்டங்களையும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். முதலாவதை அகம்பாவம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படி மரியாதையான பெயர் எதுவும் கிடையாது.

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பத்தோரு ஆண்டுகள் எஞ்சின்களைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கார் என் பழைய மாணவனுடையது. மில் குடும்பத்துப் பிள்ளை. அப்போது நாற்பது வயதை நெருங்கியிருந்தான். சூப்பர்சார்ஜர் வைத்த கார். எஞ்சின் சுழலும்போது ஒரு பெல்ட் அந்தச் சூப்பர்சார்ஜரைச் சுற்றும். அது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். அதன் முகப்பில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியை எடுத்துவிட்டுச் சிறிய புல்லியாகப் போட்டால் இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் அதிகமாகக் காற்றைத் தள்ளும், வண்டி பறக்கும். டயர் காற்றைப் போலவே இந்த அழுத்தத்தையும் பவுண்டில்தான் சொல்வார்கள். அந்த எஞ்சின் ஒன்பதரை பவுண்டுவரை தாங்கும் என்பது என் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மெக்கானிக் உக்கடத்துக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். கோவையில் கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் மூன்று வாரம் காத்திருந்தாவது அவரிடம்தான் வண்டியை விடுவார்கள். இந்தக் காருக்குப் பெரிய பெட்ரோல் பம்ப், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீச்சும் புதிய இன்ஜெக்டர்கள் எல்லாம் அவர் தன் பட்டறையிலேயே மாட்டி முடித்திருந்தார். புல்லி மட்டும் பாக்கி. அதற்குள் மாணவன் காரை எடுத்துக்கொண்டு கோத்தகிரியில் உள்ள குடும்பத்துப் பங்களாவுக்குப் போய்விட்டான். ஏப்ரல் மாத வெயிலுக்குப் பயந்து நானும் அவனோடு விருந்தாளியாகப் போயிருந்தேன். பாயை மேலே வரச் சொன்னோம். இரண்டு அளவில் புல்லிகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

முதலில் பெரியதைப் போட்டோம். எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் மடிக்கணினி வழியாகச் சரிசெய்வது என் வேலை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நேராகப் போகும் ஒரு சாலையில் ஓட்டிப் பார்த்தோம். மீட்டர் ஏழு காட்டியது. மாணவனின் முகம் தொங்கிவிட்டது.

"இவ்வளவு செலவு பண்ணி ஏழுதானுங்களா சார்?"

"சின்னதப் போட்ருவோம் பாய்," என்றேன்.

பாய் பையைத் தொடவில்லை. "சார், இது மலைங்க. இங்க காத்தே கம்மி. இங்க ஏழு காட்டுறது கீழ எறங்குனா எட்டரைக்கு ஏறிப்போடுமுங்க. கீழ ஒருக்கா பாத்துப்போட்டு, பத்தலீன்னா அப்பறமேட்டு மாத்திக்கலாங்க."

மாணவன் சிரித்தான். "ஏனுங்க பாய், சாருக்கே பாடம் எடுக்கறீங்களா? நானே இவருகிட்ட அரியர் வெச்சுத்தான் பாஸ் பண்ணுனேன்."

"நான் எட்டாவதோட நின்னவனுங்க. எனக்கு அரியரே கெடையாது," என்றார் பாய். மூவருமே சிரித்தோம்.

பாய் சொன்னதை நான் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். சூப்பர்சார்ஜர் வெளிக்காற்றைத்தான் பெருக்குகிறது. மலையில் வெளிக்காற்று மெலிந்தது, தரையில் அடர்ந்தது. அவர் பேசியபோதே சரி என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் மாணவன் சிரித்துவிட்டானே. அந்தச் சிரிப்புக்குப் பிறகு, "பாய் சொல்வது சரி" என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"நான் பாத்துக்கறேன். மாட்டுங்க," என்றேன்.

மாட்டினார். மீட்டர் ஒன்பது காட்டியது. மாணவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மறுநாள் காலை காரில் நாங்கள் இருவரும் இறங்கினோம். பாய் பின்னால் பஸ்ஸில் வந்தார். மேட்டுப்பாளையத்தில் வெயில் முகத்தில் அறைந்தது. காரமடையைத் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. மாணவன் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினான். ஊசி ஒன்பதில் நிற்கவில்லை. பத்து. பத்தரை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் எஞ்சினிலிருந்து சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்பதும், எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் எனக்குத் தெரியும். "காலை எடு" என்றிருக்கலாம். அவனாகவே எடுத்துவிட மாட்டானா என்று ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பதினொன்றைத் தொட்டது. அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்த்தவன் நான் மட்டும்தான். ஒரு பெரிய அடி விழுந்தது. பின்னால் நீலப் புகை.

ஒரு தென்னந்தோப்பின் வேலியோரம் நின்றோம். எங்களைப் பார்த்துவிட்டுப் பாய் பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடிவந்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். ஒன்றின் நுனியில் பிஸ்டனின் அலுமினியம் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"சார், எத்தன காட்டுச்சுங்க?"

"ஒம்பது," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"ஒம்பதுதான். பெட்ரோல் பத்தல. நீங்க மாட்டுன இன்ஜெக்டர்ல ஒண்ணு அடச்சிருக்கணும்."

"அப்படிங்களா," என்றார். பிளக்கைத் துடைத்து மாணவனிடம் கொடுத்துவிட்டு, வண்டியை இழுத்துப்போக ஆளுக்குப் போன் பண்ணினார்.

காரில் நடந்ததெல்லாம், இறங்கும்போதும் அதோடு இணைத்தே வைத்திருந்த என் மடிக்கணினியில் பதிவாகியிருந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தேன். நான்கு நாள் கழித்து, எஞ்சின் ஏன் போனது என்று எழுத்தில் தரும்படி மாணவன் கேட்டான். ஒரு பக்கம் எழுதினேன். நல்ல மொழியில், ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதினேன். அவன் அதைப் படமெடுத்து, கோவை கார் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். எந்த மெக்கானிக் என்று யாரோ கேட்டார்கள். அவன் பாயின் பெயரைச் சொன்னான்.

ஒன்றரை ஆண்டில் பாயின் பட்டறை மூடப்பட்டது. அதை யாரோ என்னிடம் போகிறபோக்கில் சொன்னார்கள். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன்.

ஏழு ஆண்டுகள் கழித்து, போன ஆண்டு, கருமத்தம்பட்டியில் தறிக்கூடம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் தன் புதிய தறிகளைக் காட்ட என்னை அழைத்துப்போனார். காற்றால் நூலைப் பாய்ச்சும் தறிகள். அவற்றுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் பாய். தாடி முழுதும் நரைத்திருந்தது.

"வாங்க சார். சவுக்கியங்களா?"

உறவினர் போன் பேச வெளியே போன நேரத்தில், அந்த இரைச்சலுக்கு நடுவே, கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது: ஊசி பதினொன்று காட்டியது, நான் பொய் சொன்னேன், பதிவை அழித்தேன், மன்னியுங்கள்.

பாய் காதருகே வந்தார். "அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க சார். தெரிஞ்சவங்கிட்டயே வந்து சொல்றீங்களே?"

அடுத்த நாளே மாணவனின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எனக்கு மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சிரித்தான். "சார், பாயப் பாத்ததும் மனசு எளகிப்போச்சுங்களா? உடுங்க. நீங்க அன்னிக்கு எழுதிக் குடுத்தது எங்கிட்ட இன்னும் இருக்குது. அதுல தப்பே இருக்காதுங்க." பதிவு இருந்தால் காட்டச் சொன்னான். என்னிடம் ஏது பதிவு? பொய்யை ஒரு கையெழுத்தில் நம்பியவன், உண்மைக்கு ஆதாரம் கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அப்படித்தான் நான் அவனுக்குப் பாடம் நடத்தியிருந்தேன்.

பிறகு அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதினேன். பாயின் பெயரைப் போட்டு, அவர்மேல் தவறில்லை என்றும், தவறு என்னுடையது என்றும், எப்படி என்றும் விளக்கினேன். கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. 'பெரிய மனசு சார் உங்களுக்கு' என்று ஒருவர் எழுதினார். 'இந்த வயதில் இப்படி ஒரு பணிவு' என்றார் இன்னொருவர். புதிதாகச் சேர்ந்த ஒருவர், 'யார் அந்த மெக்கானிக், என்ன ஆச்சு?' என்று கேட்டார். யாரோ நான் அன்று எழுதிக்கொடுத்த ஒரு பக்கத்தைத் தேடியெடுத்து மறுபடியும் போட்டார்கள். அதன்பின் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மூன்றாம் நாள் பாய் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை.

"சார், நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா எல்லாரும் மறந்துபோயிருந்தாங்க. இங்க கூடத்துல ஒருத்தரு போன நீட்டி, 'பாய், இது நீங்கதானா? எஞ்சின ஒடச்சுப்போட்டீங்களாமா?'ன்னு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்றதுங்க? இனிமேலு எம் பேர எங்கயும் போடாதீங்க. கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

நான் இப்போது எழுதும் இதில் யார் பெயரும் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

மறு வாரம் கருமத்தம்பட்டிக்குப் போய், உறவினரிடம் நேரில் விளக்கிவிடலாம் என்று கிளம்பினேன். கம்ப்ரஸர் அறையில் வேறோர் ஆள் நின்றிருந்தார். "நாங்க ஒண்ணுமே சொல்லலீங்க மாமா," என்றார் உறவினர். "அவராத்தான், நாளையிலிருந்து வரலீங்கன்னுட்டுப் போயிட்டாரு. நல்ல வேலைக்காரருங்க." எங்கே போனார் என்று கேட்டேன். கோபிப் பக்கம் என்று யாரோ சொன்னார்களாம், சரியாகத் தெரியாது.

அவர் அழைத்த எண் என்னிடம் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அடித்துப் பார்க்கிறேன். மணி போவதில்லை. என் எண்ணை மட்டும் அவர் தடுத்துவைத்திருக்கிறார் என்பது, பக்கத்து வீட்டுக்காரரின் போனிலிருந்து அடித்தபோது தெரிந்தது. அதில் மணி போனது. "யாருங்க?" என்று அவர் குரல் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.