ராணிக்காக நான் சொன்ன சம்மதம்

போடியில் நானும், மலையில் ஏலத்தோட்டத்தில் இருக்கும் தோழி செல்வியும் போனில் மாறிமாறி ஒரே கதையை எழுதிவந்தோம். டாக்டர் பாத்திரம் எனக்கு. ஜீப்பு ஓட்டும் ராணி அவளுக்கு. மேலே சிக்னல் கிடைப்பது அரிது. காத்திருக்கப் பொறுக்காமல் ராணியின் பேச்சையும் நானே எழுதிவிடுவேன். டாக்டர் "கல்யாணத்துக்குச் சம்மதமா?" என்று கேட்டதற்கும் "சம்மதம்" என்று நானே எழுதினேன்.

சிக்னல் கிடைக்கும் குரங்கணிக்கு இறங்கி வந்து செல்வி போனில் கூப்பிட்டாள். "வீட்லதான் என்னையக் கேக்காம மாப்ள பேசி முடிச்சுட்டாக. ராணியாச்சும் வேணாம்னு சொல்லட்டும்னு இருந்தேன்டி. அவ வாயையும் நீயே பொத்திட்ட."

எப்போதும் "வர்றேன்டி" என்று போனை வைப்பவள், அன்று "போறேன்" என்றாள். அதன்பிறகு எழுதவே இல்லை.

இப்போது யாரோடு எழுதினாலும் என் பங்கோடு நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறேன். அந்தச் சம்மதத்தை அழித்துவிட்டேன். டாக்டரின் கேள்விக்குக் கீழே ராணியின் இடம் காலியாகவே இருக்கிறது.