நவத்துக்குக் கட்டின சாப்பாட்டுப் பை

என்ன பிள்ளையள், எல்லாரும் சுகமா இருக்கிறியளோ? பின்னுக்கு நிக்கிற ஆக்கள் வந்து இருங்கோ, கதிரை கிடக்குது. கந்தையாண்ணை, இடுப்பு நோ எப்பிடி? ஓம், ஓம், இந்தக் குளிருக்கு அப்பிடித்தான். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பும் இல்லை, மைக்கிலை கதைச்சும் பழக்கமில்லை. இந்த அஞ்சலிக் கூட்டத்திலை நவத்தைப் பற்றி நான்தான் கதைப்பன் எண்டு கேட்டு வாங்கினனான். அவன்ரை மனிசி பூமணி அந்த மூலையிலை இருக்கிறா. பூமணி, சாப்பாடு முடியுமட்டும் போகக்கூடாது, சொல்லிப்போட்டன்.

நவம் செத்த கதை எனக்கு வந்தது ஸ்தாசியோனே சென்ட்ராலே, அந்தப் பெரிய ரயில் ஸ்ரேசனுக்குக் கிட்ட, மரக்கறிக் கடையிலை. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிண்டனான். இந்த ஊர்க் கத்தரிக்காய் தெரியும்தானே, ஒண்டு ஒரு பிள்ளையின்ரை தலையளவு, பால்கறி வைச்சா ஒரு ருசியும் வராது. அது கிடக்கட்டும். ஒரு தம்பி வந்து, "அண்ணை, பாட்டுக்கார நவம் முடிஞ்சுதாம், நெஞ்சடைப்பாம்" எண்டான். பக்கத்திலை நிண்ட எங்கடை ஊர்ப் பொம்பிளை ஒருத்தி என்ன கேட்டவ தெரியுமோ? "ஐயோ, அப்ப எங்கடை பெட்டையின்ரை கலியாணத்துக்கு ஆர் பாடுறது?" கையிலை இருந்த கத்தரிக்காயாலை எறிஞ்சிருப்பன். கடைக்காரன் பாத்துக்கொண்டு நிண்டான்.

நவத்தின்ரை தேப்பன் ஊரிலை செத்தவீடுகளுக்குப் பறை அடிச்சவர். எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறியள். இஞ்சை இத்தாலிக்கு வந்து நவம் கால்சாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, வெள்ளைக்கார அம்மா, வீட்டிலை கூட்டித் துடைச்சு, உடுப்பு அயன் பண்ணினவன். அந்தச் சிஞ்ஞோராவின்ரை மனிசனுக்குப் பழைய இசைத்தட்டுப் பைத்தியம். அமெரிக்காவிலை அந்தக் காலத்து ஒரு கறுத்த மனிசன், கிற்றார் அடிச்சுத் தானே கட்டிப் பாடினவராம். ப்ளூஸ் எண்டு பேராம். அயன் பண்ணேக்கை நவத்துக்கு அதைப் போட்டுக்காட்டி, கதையும் சொல்லுவாராம். இவர் பாடினா வெள்ளையள் விடியவிடிய ஆடுவினமாம், ஆனா முன்வாசலாலை விடாயினமாம். சாப்பாடு குசினிக்குப் பின்னாலையாம். பாட்டைத் தட்டிலை போட்டு வித்துக் காசு பாத்தது வேறை ஆக்களாம். நவம் வந்து எனக்குச் சொன்னான்: "அண்ணை, எங்களுக்கு அமெரிக்காவிலையும் சொந்தக்காரர் இருந்திருக்கினம்."

பாட்டுக் கட்டுற வித்தையையும் அந்தக் கறுத்த மனிசனிட்டையிருந்துதான் பிடிச்சவன். "ஒரு வரியை ரெண்டு தரம் சொல்லி ஆளை இருத்தவேணும் அண்ணை, மூண்டாவதிலை குத்தவேணும்" எண்டுவான். இந்த ஊர்ச் சீசாப் பக்கத்திலை ஏறின அந்தப் பஸ்ஸின்ரை பாட்டு ஞாபகம் இருக்கோ?

சீசாவிலை பஸ் ஏறி நிண்டுகொண்டு போறன்,
சீசாவிலை பஸ் ஏறி நிண்டுகொண்டு போறன்,
பக்கத்திலை இருந்தா அவ எழும்புவா எண்டு நிண்டுகொண்டு போறன்.

"நல்லாக் குடுத்தாய் நவம் இந்த இத்தாலிக்காரருக்கு" எண்டு முதுகிலை தட்டினியள். கசற்றிலை பதிஞ்சு சுவிசுக்கும் அனுப்பினியள், அட்டையிலை அவன்ரை பேர் இல்லை. அவன் என்னட்டைச் சொன்னது இதுதான்: "இத்தாலிக்காரி தள்ளியிருந்து இடம் விட்டவ அண்ணை. எழும்பினது பொட்டு வைச்ச ஆள்."

கலியாணமெண்டா உங்களுக்கு நவம் வேணும். பாட்டு முடிஞ்ச உடனை ஒருத்தர் வாசலிலை பையோடை நிப்பார். "நவம், உமக்கு விடிய வேலையெல்லே, சாப்பாடு கட்டி வைச்சிருக்கு, கொண்டு போம்." என்ன கரிசனை! எனக்கும்தான் விடிய வேலை. எனக்கு ஒருத்தரும் கட்டித் தரேல்லையே!

போன வருசம் இதே மண்டபத்திலை ஒரு கலியாணம். நவம் பையை வாங்கேல்லை. பூமணியையும் கூட்டிக்கொண்டு வந்து, முன்பந்தியிலை கதிரையை இழுத்துப்போட்டு இருந்திட்டான். ஒருத்தருக்குக் கை கழுவவேணுமாம், ஒருத்திக்குப் பிள்ளை அழுகுதாம். பந்தி வெறுமையாப் போச்சு. மிஞ்சினது நானும் என்ரை மனிசியும். மனிசியும் எழும்பத்தான் பாத்தவ, முழங்கால் விடேல்லை. நவம் ஆறுதலாச் சாப்பிட்டு, ரசமும் கேட்டு வாங்கிக் குடிச்சான். பூமணி ஒரு வாய் வைக்கேல்லை, குனிஞ்ச தலை நிமிரேல்லை. வெளியிலை வந்து அவன் சொன்னான்: "எனக்குப் பசியில்லை அண்ணை. இவள் ஒருக்கா எல்லாரோடையும் இருந்து சாப்பிடவேணும் எண்டுதான்." அடுத்த கலியாணத்துக்கும் வெக்கமில்லாமல் கூப்பிட்டியள். திரும்பவும் பை!

இண்டைக்குப் பாருங்கோ, அவன்ரை படத்தைப் பெரிசாக்கி மாலை போட்டிருக்கு. படத்துக்குக் கீழை பட்டமும், இசைச்சுடராம்! மாலை போட்ட கையிலை ஒண்டாவது அவன் உயிரோடை இருக்கேக்கை ஒரு கதிரை எடுத்துக் குடுத்ததோ? ஏன் முகத்தைத் திருப்புறியள்? நான் இந்த மைக்கைப் பிடிச்சது ஒரு அலுவலுக்குத்தான். இண்டைக்குப் பூமணி முன்பந்தியிலை இருந்து சாப்பிடவேணும். அவ கை கழுவுமட்டும் ஒருத்தரும் எழும்பக்கூடாது.

அண்டைக்கு நவம் கதிரை இழுத்த சத்தம் இப்பவும் என்ரை காதிலை கிடக்குது. அவன்ரை எண்டு நான் வைச்சிருக்கிறது அதைத்தான். அதே இடத்திலை இண்டைக்குப் பூமணியை இருத்தி, பக்கத்திலை நானும்...

"அண்ணை! அண்ணை, கெதியா முடியுங்கோ. பூமணியக்கா வாசலிலை நிக்கிறா. சாப்பாடு கட்டிக் குடுத்தாச்சு, உங்களிட்டைச் சொல்லிப்போட்டுப் போகப்போறாவாம்."

ஆரடா கட்டினது? பூமணி, நில்லு, நான் வாறன். அந்தப் பையை உதிலை வைச்சிட்டு வந்து முன்பந்தியிலை இரு...