வெற்றிலைப் பாக்குத் தட்டு

விவாகரத்தாகிக் கரமனையில் அண்ணா வீட்டுக்குத் திரும்பிய புதிதில், வெள்ளிக்கிழமை என்றாலே எனக்குப் பயம்தான். அப்பாவின் தங்கையான என் அத்தை ஸ்ரீவராகத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவலாக நான் கிடைத்திருந்தேன். இங்கே கேட்டதை மறுநாளே உறவு முழுக்கச் சேர்த்துவிடுவாள். போன நவராத்திரியில், "குங்குமத் தட்டை நீ தொடாண்டாம்" என்று பத்துப் பேர் முன்னால் என்னைத் தள்ளி நிறுத்தியவளும் அவள்தான். கேட் சத்தம் கேட்டால் நான் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வளர்ந்த வீட்டுக் கூடத்தில் உட்கார எனக்கு வக்கில்லை.

அண்ணாவின் மனைவி, என் மன்னி, பரம சாது. காய்காரனிடம்கூடக் குரல் உயர்த்தமாட்டாள். அவளிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கூடத்திலேயே மாட்டிக்கொண்டேன். பாதிக் காப்பியில் அத்தை ஆரம்பித்தாள். "அவன் ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கப் போறானாக்கும். உன்கிட்ட என்ன குறை கண்டானோ?"

மன்னி உள்ளே போய்த் தட்டில் குங்குமமும் வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் கொண்டுவந்தாள். வந்தவர்கள் கிளம்பும்போது கொடுப்பது அது.

"எடுத்துக்கோங்கோ அத்தை," என்றாள், அவ்வளவு பணிவாக.

வெற்றிலை பாக்கை எந்தச் சுமங்கலி வேண்டாம் என்பாள்? வாங்கிய பிறகு எப்படி உட்கார்ந்திருப்பாள்? மீதிக் காப்பியை வைத்துவிட்டு அத்தை செருப்பைத் தேடினாள். ஒரு கடுஞ்சொல் இல்லாமல் ஒருவரை வாசல்வரை நடத்திவிட முடியும் என்று எனக்கு இந்த வயதுவரை தெரியாது.

அடுத்த வாரமும் அதே கதைதான். மூன்றாம் வாரம் அத்தை முட்டிவலியை மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசினாள். நானும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

பிறகு ஒரு வெள்ளி மன்னி வீட்டில் இல்லை. அத்தைக்கு நாக்கு அரித்தது. "அவன் கட்டிக்கப்போற பொண்ணு..."

எழுந்தேன். குங்குமச் சிமிழைத் தொடும்போது நவராத்திரி நினைவு வந்தது. இருந்தாலும் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முன் நீட்டினேன்.

அத்தை தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெல்ல விரலால் குங்குமம் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

"இனி அந்தப் பேச்சு பேசலைடி," என்றாள். "காப்பி மட்டும் குடிச்சுட்டுப் போகட்டுமா?"

அவள் என்னிடம் அனுமதி கேட்டாள்.