அத்தை ஜீப் பார்க்கப் போனது

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு சிவப்புக் குமிழ் வைத்திருக்கிறேன். எலுமிச்சம்பழ அளவு இருக்கும். உச்சியில் சாயம் தேய்ந்து கறுப்புத் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பழைய கட்டிலிலிருந்து கழன்ற உருப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது என் அத்தையின் ஜீப்பில், கியர் கம்பிக்குப் பக்கத்தில் நின்ற குட்டைக் கம்பியின் தலை. அந்தக் கம்பியைத் தள்ளிவிட்டால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் என்பது சாஸ்திரம். போன வாரம் என் காரை விலைக்குப் பார்க்க ஓர் இளைஞர் வந்துபோனதிலிருந்து அந்தக் குமிழை அடிக்கடி கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. மயிலாப்பூரில் எங்களோடு இருந்துகொண்டு ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தாள். வருஷா வருஷம் மாணவிகளை மலைக்கு அழைத்துப்போய்ப் பாசியும் பெரணியும் காட்டுவது அவள் வேலை. கல்லூரி வேனோ தார் ரோடு முடிந்த இடத்தில் நான் இதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றுவிடும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை பேப்பரின் வரி விளம்பரங்களைப் படித்துவிட்டு, "பழைய ஜீப் ஒண்ணு வாங்கப் போறேன். நாலு சக்கரமும் இழுக்கற ஜீப்" என்றாள். அம்மா காப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். "மாடவீதியில கறிகாய் வாங்கிண்டு வரதுக்கு எதுக்குடி நாலு சக்கரமும் இழுக்கணும்?" என்றார் அப்பா. அத்தை அந்த விளம்பரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்பாவுக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெண் பார்க்கும் சமாச்சாரம், அதுவும் பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து. அம்மா உறவுக்குள்ளேயே வந்தவள், அவளை யாரும் பெண் பார்க்கப் போகவில்லை. அத்தையின் இருபதுகள் முழுக்க யாராவது அவளைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டார்கள். பாடச் சொல்லிக் கேட்டார்கள். "ஆத்துக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். லெட்டர் வராது. தாத்தா மட்டும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் போய் நிற்பார். பிறகு யார் மூலமாகவோ செய்தி கசியும்: நிறம் கொஞ்சம் மட்டு, மூல நட்சத்திரம், மாமனாருக்கு ஆகாது. ஒருநாள் அத்தை, இனிமேல் சொஜ்ஜி கிளறமாட்டேன் என்று கரண்டியைக் கீழே போட்டாள். அன்றோடு எங்கள் வீட்டில் அந்தப் பண்டமும் நின்றது, 'லெட்டர் போடறோம்' என்ற பேச்சும் நின்றது. நான் முதன்முதலில் சொஜ்ஜி சாப்பிட்டதே கல்லூரித் தோழி வீட்டில்தான்.

ஆகவே ஜீப் பார்க்கப் போகிறோம் என்றதும் அப்பாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மாப்பிள்ளை வீட்டாராகும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் அதை விடுவதாக இல்லை. ஜாதகம் கேட்பதுபோல ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ் காப்பி கேட்டு வாங்கினார். பரணிலிருந்து பழைய பஞ்சாங்கத்தை இறக்கி, ஜீப் பதிவான தேதிக்கு நட்சத்திரம் பார்த்தார். விரலை வைத்துக்கொண்டே, "மூலம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அம்மா அவரை முறைத்த முறைப்பில் பஞ்சாங்கம் தானாக மூடிக்கொண்டது. அத்தைதான், "அப்போ எனக்குப் பொருத்தம்தான். வண்டிக்கு ஒரு மாமனார் இருந்தா அவர் ஜாக்கிரதையா இருந்துக்கட்டும்" என்று சொல்லி எங்களைக் காப்பாற்றினாள்.

ஜீப் தி.நகரில் மரக்கடை வைத்திருந்த ஒரு பாயுடையது. மூன்று பேராகப் போகக்கூடாது என்பதற்காக, அப்பா, அம்மா, அத்தையோடு நாலாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல நேரம் பார்த்து ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போய் இறங்கினோம். அப்பா பட்டுக்கரை வேட்டி, அம்மா மாம்பழக் கலர்ப் புடவை. அத்தை மட்டும் மலைக்குப் போகும்போது கட்டுகிற பழைய பருத்திப் புடவையில் வந்திருந்தாள். கையில் பௌதிகப் பிரிவில் இரவல் வாங்கிய ஒரு காந்தம்.

முதலில் ஜீப்பின் எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்த்தாள். நாம் வருவதற்குமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த வண்டி கிளம்பப் படும் பாடு தெரியாமல் போய்விடுமாம். மூடி சில்லென்றுதான் இருந்தது. பாய்க்கு ஒரு மதிப்பெண். பிறகு காந்தத்தை வண்டியின் உடம்பெங்கும் ஒட்டிக்கொண்டே வந்தாள். ஓட்டுகிறவர் பக்கக் கதவின் அடியில் அது ஒட்டாமல் பொத்தென்று விழுந்தது. துரு தின்ற இடத்தில் பட்டி அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறது என்றாள் அத்தை. "பவுடர் கொஞ்சம் தூக்கலாத்தான் போட்டிருக்கா" என்று அம்மா என் காதில் சொன்னாள். அத்தை எஞ்சினைக் கிளப்பிப் புகை என்ன நிறம் என்று பார்த்தாள். ஆயில் கம்பியை உருவி விரலில் தேய்த்து மோந்தாள். தரையில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனாள். அப்பா தன் பங்குக்கு, "ஹார்ன் அடிக்கச் சொல்லுங்கோ, கேப்போம்" என்றார். ஜீப் ஒரு தரம் பாடியது. குரல் கட்டையாக இருப்பதாக அப்பா அபிப்பிராயப்பட்டார்.

அப்போது பாயின் மனைவி உள்ளேயிருந்து தட்டுகளோடு வந்தார். "நீங்க ஐயரு வூட்டு ஆளுங்கன்னு போன்ல பேசும்போதே தெரிஞ்சுது சார். நம்ம வூட்டு சமையல் ஒத்துக்காதேன்னு சைவ ஓட்டல்லேருந்து வாங்கியாரச் சொன்னேன், சாப்புடுங்க" என்றார் பாய். தட்டில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் இருந்தன. நாங்கள் நாலு பேரும் தட்டைப் பார்த்தோம். கேசரி என்றால் சாயம் பூசிய சொஜ்ஜிதானே. அத்தை புடவையில் மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றவள், சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்க அதிகமாகி, கண்ணில் நீர் வந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு இந்தப் பக்கம் உக்காந்து சாப்பிடக் கிடைச்சிருக்கு" என்று சொல்லி இரண்டு பஜ்ஜி எடுத்துக்கொண்டாள். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை, பஜ்ஜி பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

மணலில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றாள் அத்தை. பாயையும் ஏற்றிக்கொண்டு நொச்சிக்குப்பம் போனோம். ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்க, அத்தை மணலில் இறக்கினாள். படகுகளுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமே ஜீப் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. சிவப்புக் குமிழைப் பிடித்துக் குட்டைக் கம்பியைத் தள்ளினாள். கம்பி சாதுவாகப் போய் விழுந்தது. ஜீப் ஓர் அங்குலம் நகரவில்லை. "அண்ணா, எறங்கி முன்சக்கரம் சுத்தறதா பாரு" என்றாள். அப்பா இறங்கியவர், முன்பக்கம் போவதை விட்டுப் பின்பக்கம் போய் நின்றார். அத்தை ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். பட்டுக்கரை வேட்டி, சட்டை, விபூதி எல்லாவற்றின் மேலும் கடற்கரை வந்து படிந்தது. "பின்னாடி நன்னாவே சுத்தறது" என்றார் அப்பா, மணலைத் துப்பிக்கொண்டே.

முன்சக்கரங்கள் அசையவே இல்லை. அத்தை கீழே குனிந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். எஞ்சினின் இழுப்பை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட், அதாவது அந்த நீள இரும்புத் தண்டு, இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. காலையில் சாக்கு விரித்து அடியில் படுத்து, இருப்பதையெல்லாம் சோதித்தவள் இல்லாததைப் பார்க்க மறந்துவிட்டாள். பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, ஆமா மேடம்! டீசல் மிச்சமாவும்னு எங்க வாப்பா அந்தக் காலத்துலயே கழட்டிப் போட்டாரு. கடை கொடௌன்ல சாக்கு சுத்தி பத்திரமா கீது. ஊருக்குள்ளயே ஓட்டிக்கினு இருந்தனா, எனக்கே மறந்துபோச்சு." படகை இழுத்து முடித்த நாலைந்து மீனவர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். "இன்னாம்மா, கட்டுமரம் கணக்கா தள்ளிக்கினு போவணுமா இத்த?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்துக்கொண்டே ஜீப்பை ரோட்டில் ஏற்றினார்கள்.

அப்பாவுக்கு உள்ளூர நிம்மதி. ஜீப் விவகாரம் இதோடு ஒழிந்தது என்று நினைத்திருப்பார். வேட்டியை உதறிக்கொண்டு, பாயைப் பார்த்துக் கைகூப்பி, அந்த வாக்கியத்தைச் சொன்னார். "ரொம்ப சந்தோஷம் பாய். ஆத்துக்குப் போய்ப் பேசிண்டு லெட்டர் போடறோம்."

அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவர் காதில் பதிந்திருந்தது, வந்துவிட்டது. சொன்ன மறு கணமே அவர் முகம் வெளுத்தது. பாய் தலையாட்டினார். ஆனால் பாயின் முகம் வாடிவிட்டது. அத்தை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அவள் ஜீப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று பயந்தேன். ஜீப் இல்லாத அத்தையை அதற்குமேல் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"லெட்டரெல்லாம் கிடையாது பாய்" என்றாள் அத்தை. "ஷாஃப்டை மாட்டி அடுத்த ஞாயித்துக்கிழமை இதே எடத்துக்குக் கொண்டு வாங்கோ. இதே மணல்ல ஏறித்துன்னா வண்டி எனக்கு. ஏறலைன்னா, வேண்டாம்னு ஒங்க மூஞ்சிக்கு நேரா இங்கேயே சொல்லிடறேன். யாரும் வாசல்ல காத்துண்டு நிக்கவேண்டாம்." அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு குப்பமே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. தள்ளியவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அப்பா இம்முறை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானாகவே முன்சக்கரத்தருகே போய்க் குந்தினார். அத்தை கம்பியைத் தள்ளினாள். ஜீப் ஒரு தரம் குலுங்கி, மணலைக் கடித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறியது. "சுத்தறதுடி! முன்னாடியும் சுத்தறது!" என்று அப்பா சின்னப் பையனைப்போலக் கத்தினார். படகுகளைத் தாண்டி நிறுத்திவிட்டு அத்தை இறங்கிவந்து, "புடிச்சிருக்கு பாய்" என்றாள். அதைவிட நல்ல நிச்சயதார்த்தத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

ஜீப் பல வருஷம் மலையேறியது. ஒரு பெருமழைக்கு அடையாறு மூழ்கியபோது தெருவில் ஓடிய ஒரே வண்டி அதுதான் என்று அத்தை பீற்றிக்கொள்வாள். பிறகு ஜீப் பழைய இரும்புக்குப் போயிற்று. அத்தையும் போய்விட்டாள். குமிழ் என்னிடம் தங்கியது.

போன வாரம் வந்த இளைஞர் என் காரைச் செல்போன் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முறுக்கு சாப்பிட்டார். "வீட்ல பேசிட்டு மெசேஜ் பண்றேன் ஆன்ட்டி" என்று போனார். ஒரு வாரமாக செல்போன் சிணுங்கும்போதெல்லாம் நான் எடுத்துப் பார்க்கிறேன், தபால்காரருக்கு நின்ற தாத்தாவைப்போல. நேற்றுக் குமிழை உருட்டிக்கொண்டிருந்தவள், போதும் என்று நானே அவரைக் கூப்பிட்டேன். "தம்பி, வண்டி பிடிச்சிருக்கா இல்லையா, இப்பவே நேரா சொல்லிடுங்கோ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "வண்டியெல்லாம் நல்லா இருக்கு ஆன்ட்டி. கலர்தான்... கொஞ்சம் டார்க்கா இருக்குன்னு வீட்ல சொல்றாங்க."

போனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அத்தையைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. குமிழை எடுத்துக் காகிதங்களின்மேல் வைத்தேன்.