பஞ்சர் கடை கோல்கீப்பர்

என் தம்பி பெண்டாட்டி பூருலைப் பற்றி நான் நல்லதாக ஏதாவது சொல்வேன் என்று ஊரில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். நாத்தனார் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்துவிட்டால் மழை பொத்துக்கொண்டு ஊற்றாதா? ஆனால் எங்கள் ஹாக்கி சம்மேளனத் தலைவர் ஒரோஸ்பெக்கைத் திட்டித் திட்டி என்னிடம் இருந்த வசவெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது நல்ல வார்த்தைதான். அதை அவளுக்கே கொடுத்துவிடுகிறேன்.

பூருல் கோக்தாலா சந்தை முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கிறாள். தம்பி லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருக்கிற நாளைவிட மலைக்கணவாயில் பனியில் மாட்டிக்கொண்டு நிற்கிற நாள்தான் அதிகம். குளிர்காலம் வந்தால் இவள் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுக் குளத்துக்கு ஓடிவிடுவாள். குளம் உறைந்ததும் பெண்கள் பதினைந்து பேர் அங்கே ஹாக்கி ஆடுவார்கள். பால்காரி, பள்ளிக்கூட டீச்சர், ரொட்டி சுடுகிறவள் என்று எல்லாரும் உண்டு. பூருல் கோல்கீப்பர். காலுக்குக் கட்டுகிற தடுப்பைத் தடித்த ஆட்டுரோமக் கம்பளியில் தானே தைத்து, டயர் ட்யூபை வெட்டி வார் போட்டிருந்தாள். நனைந்தால் ஆட்டுக்கிடை வாடை அடிக்கும். அதை என் அடுப்படியில்தான் கொண்டுவந்து காயப்போடுவாள்.

"முப்பத்திநாலு வயசாச்சு, ரெண்டு புள்ள பெத்தாச்சு. பறந்து வர்ற ரப்பர் வட்டுக்கு முன்னாடி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கணுமாடி உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ மதினி. நாட்டுச் சட்டைய மாட்டிக்கிட்டு ஒரு ஆட்டம் நின்னுட்டாப் போதும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன்."

அவள் ஆசை அவ்வளவுதான். நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா?

அந்தச் சட்டையைக் கொடுக்க வேண்டிய மகராசன் ஒரோஸ்பெக். இதற்கு முன் தேனீ வளர்ப்பு வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர். தேனீக்கள் என்ன ஆயின என்று கேட்காதீர்கள். அவர் ஐஸ்மேல் ஏறி யாரும் பார்த்ததில்லை. மேடைமேல் ஏறாமலும் யாரும் பார்த்ததில்லை. பெண்கள் அணியை ஆசியப் போட்டிக்கு அனுப்புகிறேன் என்று வருடா வருடம் வாயால் வடை சுடுவார். வருடா வருடம் அது அடுத்த வருடமாகிவிடும். போன வருடம் மட்டும் வெளியிலிருந்து யாரோ கேள்வி கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பயந்துபோய்ப் பொதுக்குழுவில் கைதூக்கி முடிவே செய்துவிட்டார்கள். வருகிற மார்ச்சில் எங்கள் குளத்துப் பெண்களே நாட்டின் அணியாகப் போகிறார்கள், கோலில் பூருல். செய்தி வந்த அன்று அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சீ போடி என்று துடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் சம்மேளனத்தின் ஆண்டுக்கூட்டத்தை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். அங்கே நான்தான் சமையல். பெண்கள் ஹாக்கியின் வளர்ச்சியைப் பார்க்க உலக சம்மேளனத்திலிருந்து ஹெல்வி என்கிற வெளிநாட்டு அம்மாள் வந்திருந்தாள். மார்ச் போட்டிக்கு யார் வருகிறார்கள் என்பதை அன்று சாயங்காலமே அவள் உறுதிப்படுத்திக்கொண்டு போக வேண்டும். எங்கள் பெண்கள் குளத்தைப் பெருக்கி, குழாய்த் தண்ணீர் பாய்ச்சி, முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி வைத்திருந்தார்கள்.

ஒரோஸ்பெக் பஸ்ஸில் வந்து இறங்கினார். பின்னாலேயே தலைநகரிலிருந்து பனிநடனம் ஆடுகிற பெண்கள் இறங்கினார்கள். எல்லாருக்கும் புத்தம்புது ஹாக்கிச் சட்டை. ஒருத்தி மட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"யாரு இவங்க?" என்று பூருல் அவருடைய உதவியாளனைக் கேட்டாள்.

"போட்டோவுக்குக்கா. உங்க மூஞ்சியெல்லாம் காத்துல வெடிச்சுக் கெடக்கே! நீங்க உள்ள போயி டீ ஊத்துங்க. நம்ம பொம்பளைங்க டீ ஊத்துற அழக அந்தம்மா பாக்கட்டும்."

நாட்டின் பெண்கள் ஹாக்கி அணி டீ ஊற்றப் போயிற்று. கையில் இருந்த கரண்டியால் அவன் மண்டையில் ஒன்று போடாமல் விட்டது என் பெருந்தன்மை.

ஒரோஸ்பெக் வெள்ளைக் கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தார். முன்னோர் வழக்கத்தை உயிராய் மதிப்பவராம். இந்த ஆண்டு ஹாக்கி கண்ட வளர்ச்சியை அவர் அடுக்க அடுக்க, நாங்கள் வேறு ஏதோ நாட்டில் குடியிருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புதிய மைதானங்களாம், பயிற்சி முகாம்களாம், மாவட்டந்தோறும் பெண்கள் அணியாம். எங்கள் மாவட்டத்தில் இருந்தது ஒரே அணி. அது அப்போது டீ கொதிக்கிற சமோவாரோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; இவர் ஏட்டில் தோட்டமே போட்டிருந்தார்.

பிறகு எதிர்காலத் திட்டத்துக்கு வந்தார்.

"பெண்கள் அணிய அவசரப்பட்டு அனுப்பிக் கெடுத்துடக் கூடாது பாருங்க. அத அஞ்சு வருஷத் திட்டத்துல சேத்திருக்கோம். இந்த மார்ச்சுல நிர்வாகிகள் மட்டும் போயி, எல்லாத்தையும் பாத்துக் கத்துக்கிட்டு வர்றோம். கறி வரட்டும். சாப்பிட்டுட்டுக் கைதூக்கி முடிச்சிடலாம்."

எங்கள் ஊரில் எந்தக் கூட்டத்திலும் கைதூக்குவது கறிக்குப் பிறகுதான். வயிறு நிறைந்தவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்று இந்த மாதிரி ஆட்களுக்குத் தெரியும்.

பூருல் கொதிதண்ணீர் எடுக்க அடுப்படிக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அஞ்சு வருஷம்னா எனக்கு முப்பத்தொம்பது மதினி."

"போயி டீய ஊத்துடி" என்றேன். பாவி, வேறு என்ன சொல்வேன்?

எங்கள் பக்கம் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் டீ ஊற்றுவோம். அவர் திரும்பத் திரும்ப நீட்ட வேண்டும், நாம் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும், அதுதான் மரியாதை. விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். ஆகாத மாமியாருக்குக்கூட யாரும் அப்படி ஊற்றமாட்டார்கள்.

பூருல் வரிசையாக எல்லாருக்கும் இரண்டு வாய் அளவு ஊற்றிக்கொண்டே வந்தாள். ஒரோஸ்பெக்கின் கிண்ணத்தை எடுத்தாள். ஊற்றினாள், ஊற்றினாள், விளிம்பில் தளும்புகிறவரை ஊற்றினாள். இடது கையை நெஞ்சில் வைத்து, தலையைக் குனிந்து, பதவிசாக நீட்டினாள்.

கூடத்தில் எல்லார் கண்ணும் அந்தக் கிண்ணத்திலேயே நின்றது.

"என்னம்மா, கை தவறிடுச்சா?" என்றார் அவர்.

"இல்லண்ணே, பாத்துத்தான் ஊத்துனேன்."

ஹெல்வி அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. தனக்கும் அதே மாதிரி நிறைய வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள்.

மேசைத் தலைமாட்டில் சபிர்குல் தாத்தா உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே மூத்தவர், காது சுத்தமாகக் கேட்காது. பேச்சு முழுக்கக் கேட்காமல் தூங்கிய பாக்கியசாலி. சத்தம் அடங்கியது எப்படியோ அவருக்கு உறைத்திருக்கிறது, கண்ணைத் திறந்தார். தலைவர் முன்னால் டீ நிரம்பி நிற்கிறது, ஒருத்தரும் பேசவில்லை. விருந்து முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் மனுஷன்! இரண்டு உள்ளங்கையையும் விரித்து, செவிடர்களுக்கே உரிய குரலில் முழங்கினார்.

"சோத்துக்குக் குறையில்லாம, நோய்நொடி இல்லாம, நம்ம குளத்துப் பொண்ணுங்க நல்லபடியாப் போயிட்டு வரட்டும். ஆமீன்!"

பெரியவர் ஆமீன் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாக முகத்துக்குப் போய்விடும். போயிற்று. கூடம் முழுக்க இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டது. ஒரோஸ்பெக்கும்தான், தாய்ப்பாலோடு வந்த பழக்கம் எங்கே போகும்? அதற்கப்புறம் ஒரு பருக்கை தொடக் கூடாது, எழுந்துவிட வேண்டும். எல்லாரும் எழுந்து தொப்பியைத் தேட ஆரம்பித்தார்கள்.

"ஏய், உக்காருங்கப்பா! கறியே இன்னும் வரல! கை தூக்கணும்!" என்று கத்தினார் அவர்.

"ஆமீன் ஆனப்புறம் எப்படிண்ணே உக்காருறது? குத்தமாயிடும்" என்று ஒரு நிர்வாகி பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டே சொன்னார். முன்னோர் வழக்கத்தை உயிராய் மதிப்பவர் வாயை மூடிக்கொண்டார்.

அவர் தீர்மானம் நிறைவேறவில்லை. அதனால் போன வருடத்து முடிவே நின்றது. ஹெல்வி அம்மாள் எங்கள் பெண்களின் பெயர்களை உறுதிசெய்துகொண்டு சாயங்காலம் கிளம்பிப் போனாள். கறியை நான் பெண்களுக்கே பங்கு வைத்தேன். மறுநாள் பத்திரிகையில் ஒரோஸ்பெக், பெண்களை அனுப்புவது தன் நெடுநாள் கனவு என்று சொல்லியிருந்தார். தூ!

மார்ச்சில் ஆட்டம். பஞ்சர் கடையில் டயர்மேல் போனைச் சாய்த்து வைத்து நானும் சந்தைக்காரர்களும் பார்த்தோம். சம்மேளனம் புதுத் தடுப்பு வாங்கிக் கொடுக்கவில்லை, நிர்வாகிகளுக்குக் கோட்டு தைத்ததோடு சரி. அந்தக் கம்பளியைக் கட்டிக்கொண்டு, தொளதொளவென்று நாட்டுச் சட்டையோடு பூருல் நின்றாள். எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் பனைமரம். முதல் கட்டத்திலேயே நாலு கோல் விழுந்தது.

"ஊர் மானமே போச்சு" என்றான் கறிக்கடைக்காரன்.

"போனா உனக்கென்னடா? உன் தராசுல போகாத மானமா?"

ஆறு, எட்டு என்று ஏற ஏற ஒவ்வொருத்தராக நழுவினார்கள். பதினொன்று விழுந்தபோது நானும், சக்கரத்தைக் கழற்றிப் போட்டதால் போக முடியாத ஒரு டிரைவரும்தான் பாக்கி. அப்போது ஒருத்தி தனியாகப் பாய்ந்து வந்து அடித்தாள். பூருல் அப்படியே குறுக்கே விழுந்தாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மெல்ல எழுந்து கையுறையை விரித்தாள். வட்டு உள்ளே இருந்தது.

நான் அழுதேன். டிரைவர் பார்த்தான், பார்க்கட்டுமே.

அரை மணி கழித்துப் பேட்டி வந்தது. தோல்விக்குக் கோல்கீப்பரின் வயதுதான் காரணம், எதிர்காலத் திட்டத்தில் அதைச் சரிசெய்வோம் என்றார் ஒரோஸ்பெக், புதுக் கோட்டோடு. போனையே தூக்கி எறிந்திருப்பேன். அதற்குள் அது அடித்தது. அவள்தான். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"மதினி, பாத்தீங்களா?"

"பதினொண்ணு வாங்குனியேடி..."

"அது கெடக்கட்டும் மதினி. பன்னெண்டாவது? அத பாத்தீங்களா?"

"பாத்தேன்டி" என்றேன். "ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."