ஜிம்மியின்ர வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

எங்கட நாய் ஜிம்மிக்குக் கண்டது கடியதைக் குடுத்தால் வயித்தாலை போகும். "ஒவ்வொரு நாளும் ஒரே ட்ரை ஃபூட்தான் குடுங்கோ, மாத்தாதேங்கோ" எண்டு மிருக வைத்தியர் சொல்லிப்போட்டார்.

இண்டைக்கு வெள்ளிக்கிழமை, அம்மாவோட கொள்ளுப்பிட்டியில நாய்ச் சாப்பாடு விக்கிற கடைக்குப் போனனான். வெளிநாட்டுப் பையின்ர விலையைப் பார்த்திட்டு அம்மா கேட்டா, "இவனென்ன லண்டன் மாப்பிள்ளையே?"

அம்மா கிளிக்கூடு பார்க்கப் போன நேரத்தில கடைக்காரர் மலிவா ஒண்டு காட்டினார். அரிசியும் கோழியும் கலந்தது, வயித்துக்குப் பாரமில்லையாம். நிறுத்து வெறும் பையில கட்டித் தந்தார்.

வெள்ளிக்கிழமை எங்கட வீட்டுக்குள்ள மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் வராது. ஜிம்மிக்கும் அண்டைக்குச் சாம்பார் சோறுதான். சனிக்கிழமை விடிய அவனுக்கு வயித்தாலை போக, வீடு கழுவுறது நான்.

"இது மச்சமோ?" கிளிக்கூடு பார்த்திட்டு வந்த அம்மா பையைக் காட்டிக் கேட்டா.

"இல்லையம்மா, பிஸ்கட்."

வரேக்க செக்பொயின்ரில எல்லாரையும் பஸ்ஸால இறக்கினாங்கள். ஆமிக்காரர் பையைத் திறந்து, "மேக்க மொகத்த?" எண்டார். இதென்ன எண்டு கேக்கிறார்; நாய்ச் சாப்பாடு எண்டு நானும் சிங்களத்தில சொன்னன். ஒண்டை எடுத்து மணந்து பார்த்திட்டு, சிரிச்சுக்கொண்டு "குக்குல் மஸ்" எண்டார்.

கோழி இறைச்சி எண்டு விளங்கிற அளவுக்கு அம்மாவுக்கும் சிங்களம் தெரியும்.

வெள்ளவத்தையில இறங்கி அவ முன்னால நடந்தா. வீட்டுக்கு வந்து கால் கழுவினா. பிறகு ஜிம்மியின்ர கோப்பையை எடுத்து, தானே அள்ளிப் போட்டா.

"அம்மா, ஆமிக்காரர் சொன்னது..." எண்டு இழுத்தன்.

"அவங்கள் சொல்லுறதை நாங்கள் எப்ப நம்பினனாங்கள்? நீ பிஸ்கட் எண்டனி. அவ்வளவுதான்."

உங்கட வீட்டு நாய்களுக்கும் வெள்ளிக்கிழமையில பிஸ்கட்தானோ?