கடைமடையிலிருந்து வந்தவர்

எங்கள் நீடாமங்கலம் அலுவலகத்தில் எல்லோருடைய ஃபைல்களும் ஒரே சர்வரில்தான் இருந்தன. மாலைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டிய நாளில் அது ஆமையாக ஊர்ந்தது. சரிசெய்ய வந்தவர் கீழ்வேளூர்க்காரர். வயலில் இறங்குபவர்போல் பேன்ட்டை மடித்துவிட்டிருந்தார். சர்வரைத் தொடவேயில்லை, கேபிள் போன வழியே மேசை மேசையாக நடந்தார்.

"நாங்க கடைமடைங்க. தண்ணி வரலன்னா வாய்க்கால் வழியா மேல நடந்து, யாரு அடைச்சிருக்காங்கன்னுதான் பாப்போம்," என்றார்.

மேனேஜர் அறையில் போய் நின்றார். அங்கே, சர்வரிலிருந்து மேனேஜர் மகளின் கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்திடவா?" என்றார் மேனேஜர் கூச்சத்துடன்.

"இருங்க சார், பந்தி வரட்டும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அவர்.

பாயசம் பரிமாறி முடியும்வரை எங்கள் ஃபைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை.